மைலே கடற்போரை ஆன்லைனில் நடத்துவது எப்படி: கூகுள் ஷீட்ஸில் 8 பேர் போட்டி

புதுச்சேரியில் 4 பேர், கடலூரில் 4 பேர், எல்லாரிடமும் போன், ஒருவர் இருவரிடம் லேப்டாப். ரோமர் கடற்போர்ப் போட்டி நடத்த இது போதும். காசு கொடுத்து கேம் வாங்க வேண்டாம், கூகுள் ஷீட்ஸே பலகை. முதன்முறை நடத்துபவர்கள் கி.மு. 260இல் சிசிலியின் வடகரையோரம் நடந்த மைலே போரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சண்டை போட்டதால் ஆட்டம் சப்பென்று இருக்காது. வட ஆப்பிரிக்காவின் கடல் வல்லரசான கார்தேஜுக்கு வேகமும், எதிரிக் கப்பலை முட்டி உடைக்கும் திறமையும் இருந்தன. ரோமருக்குக் கடல் புதிது. அதனால் 36 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாலத்தைக் கப்பலில் தூக்கி நிறுத்தி, எதிரிக் கப்பல் மேல் விழச் செய்தார்கள். அடியில் இருந்த இரும்பு மூக்கு பலகையில் குத்தி நின்றதால் அதற்குக் காக்கை என்று பெயர். குத்தியதும் வீரர்கள் நடந்தே போய் வெட்டினார்கள். துவிலியுஸ் தலைமையில் வந்த ரோமரிடம் கார்தேஜ் தன் 130 கப்பலில் 50ஐ இழந்தது என்பது பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸின் கணக்கு.

அரிக்கமேட்டில் ரோம ஜாடித் துண்டுகள் கிடைத்தனவே, அதையும் வரைபடத்தில் வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். இங்கே வந்தது வியாபாரம், போர்க்கப்பல் இல்லை.

பலகை

புது ஷீட்டில் 20 நெடுவரிசை, 16 கிடைவரிசை மட்டும் விட்டு மற்றதை அழியுங்கள். அகலம், உயரம் இரண்டையும் 30 பிக்சல் ஆக்குங்கள். அப்படியே விட்டால் கட்டம் நீள்சதுரமாக இருக்கும், தூரம் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும். ஆளுக்கு 6 கப்பல். ரோமர் 3ஆம் வரிசையில், கார்தேஜ் 14ஆம் வரிசையில், இடையில் ஒவ்வொரு கட்டம் விட்டு நிற்கட்டும். கட்டத்துக்குள் எண்ணும் அம்புக்குறியும் போடுங்கள். அம்பு பார்க்கும் பக்கம் அணியம், பின்பக்கம் அமரம்.

ஷீட்டைத் திருத்தும் அனுமதி நடுவருக்கு மட்டும், ஆடுபவர்களுக்குப் பார்க்கும் அனுமதி போதும். லிங்க் வைத்திருக்கும் எல்லாரும் திருத்தலாம் என்று விட்டால், லாகின் செய்யாமல் நுழைந்த, கூகுள் ‘அநாமதேய முதலை’ என்று மட்டும் காட்டும் யாரோ கப்பலை நகர்த்திவிட்டுப் போவார். திருத்த வரலாற்றைத் திறந்தாலும் யார் என்று தெரியாது.

நகர்வும் சண்டையும்

ஒரு சுற்றில் கார்தேஜ் கப்பலுக்கு 4 புள்ளி, ரோமக் கப்பலுக்கு 3. ஒரு கட்டம் நேராகப் போக 1 புள்ளி, நின்ற இடத்தில் கால்வட்டம் திரும்ப 1 புள்ளி. இருவரும் 3 நிமிடத்துக்குள் நடுவருக்குத் தனி வாட்ஸ்அப்பில் ஆணை அனுப்ப வேண்டும். ‘3: நேர், வலது, நேர்’ என்றால் 3ஆம் கப்பல் ஒரு கட்டம் போய், வலப்பக்கம் திரும்பி, இன்னொரு கட்டம் போகும். வலது என்பது கப்பலின் வலது, திரையின் வலது இல்லை. தெற்கு நோக்கி வரும் கப்பலுக்கு இது தலைகீழாகத் தெரியும். முதல் நாள் தகராறில் பாதி இங்கேதான் கிளம்பும், ஆகவே ஆரம்பிக்குமுன் ஒரு கப்பலை ஓட்டிக் காட்டுங்கள்.

நடுவர் இரு பக்க ஆணையையும் புள்ளி புள்ளியாகச் சேர்த்தே நகர்த்துவார். இரண்டு கப்பல் ஒரே கட்டத்துக்கு வந்தால் இரண்டும் முன் கட்டத்தில் நிற்கும்.

கடைசி 2 கட்டமும் நேராக ஓடிவந்து எதிரியின் விலாவில் முட்டினால், பகடையில் 4க்குக் குறையாமல் விழ வேண்டும். அமரத்தில் முட்டினால் 3 போதும். விழுந்தால் எதிரி மூழ்கும், 1 மதிப்பெண். அணியத்தோடு அணியம் முட்டினால் ஒன்றும் ஆகாது.

ரோமக் கப்பலின் அணியத்துக்கு நேரேயோ, அதன் இரு மூலையிலோ எதிரி நின்றால் காக்கை விழும், இரண்டும் பூட்டிக்கொள்ளும். அடுத்த சுற்று முடிவில் இருவரும் பகடை போட, ரோமர் 2 கூட்டிக்கொள்வார்கள். சமன் வந்தால் மறுபடி போடலாம். ஜெயித்தவர் எதிரிக் கப்பலைப் பிடிக்கிறார், 2 மதிப்பெண். 36 வாய்ப்பில் 26 ரோமருக்கு, 6 கார்தேஜுக்கு, 4 சமன். ரோமருக்கு ரொம்பச் சாதகம்தான். ஆனால் பூட்டிய கப்பல் நகராது. அந்த ஒரு சுற்றுக்குள் வேறொரு கார்தேஜ் கப்பல் வந்து அதன் அமரத்தில் முட்டலாம். இதைப் புரிந்துகொண்டவர்தான் கார்தேஜோடு ஜெயிப்பார். 7ஆம் சுற்றிலிருந்து கடல் கொந்தளிப்பு, ரோமருக்கு 2 புள்ளிதான். காக்கையின் கனத்தால் கப்பல்கள் புயலில் கவிழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதால் இந்த விதி.

பகடைக்கு, ஏதோ ஒரு எண்ணைத் தரும் ஷீட்ஸின் ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN) சூத்திரத்தைப் போடாதீர்கள். எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் அது புது எண்ணைக் காட்டும். 5 விழுந்து கப்பல் மூழ்கியது, அதை அழித்தவுடன் பகடையில் 2 நிற்கும், சண்டை தொடங்கும். லூடோ பெட்டியில் இருக்கும் பகடையைக் கேமரா முன் உருட்டுவதே மேல். ஒவ்வொரு சுற்று முடிவிலும் பலகையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுங்கள், அதுதான் சாட்சி.

போட்டி அட்டவணை

செஸ் ஆடியவர்களுக்குத் தெரிந்த சுவிஸ் முறை, 3 ஞாயிறு. முதல் வாரம் சீட்டு குலுக்கி ஜோடி சேருங்கள், பிறகு சம வெற்றி உள்ளவர்கள் மோதட்டும். ஒரே ஜோடி இரண்டு முறை வரக்கூடாது. ஒவ்வொரு ஜோடியும் பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆட வேண்டும், மதிப்பெண்ணைக் கூட்டித்தான் வெற்றி. இதை விட்டால் ரோம் கிடைத்தவரெல்லாம் ஜெயிப்பார்கள்.

ஆட்டத்துக்கு 10 சுற்று. ஆணைக்கு 3, நகர்த்த 2 என்று சுற்றுக்கு 5 நிமிடம். இடைவேளை 10 நிமிடம் சேர்த்து ஒரு ஜோடிக்கு 1 மணி 50 நிமிடம். காலை 10 மணிக்கு இரண்டு பலகை, மாலை 4 மணிக்கு இரண்டு. காலையில் ஆடாத நால்வரில் இருவர் நடுவர், மாலையில் அப்படியே மாற்று.

ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள், ஒரு நல்ல மழைக்குக் கரண்டும் லைனும் சேர்ந்தே போகும். தை, மாசி நல்லது. ஆணை வராவிட்டால் அந்தச் சுற்றில் எல்லாக் கப்பலும் 1 கட்டம் நேராகப் போகும் என்று முன்பே எழுதிவையுங்கள். தொடர்ந்து 3 சுற்று வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து அன்று இரவு 9 மணிக்குத் தொடருங்கள்.