லாச்சப்பலில் மரக்கறி வாங்குகிற றோட்டால் நடந்தால்: பாரிஸின் கண்ணாடிக் கூரை ஒழுங்கைகளைப் பார்க்கும் வழி

யாழ்ப்பாணத்தில் இருந்து விசா எடுத்துப் போய், அண்ணன் வீட்டிலோ மாமி வீட்டிலோ ஒன்றிரண்டு மாதம் நிற்கிறவர்கள் பாரிஸில் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு இடம்தான். ஒன்று ஈஃபில் கோபுரம், மற்றது எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல். நானும் முதல்தரம் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். இரண்டாம்தரம் மச்சாள் ஒருநாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனதால்தான், முருங்கைக்காய் வாங்குகிற அதே றோட்டில் இருநூறு வருடப் பழைய கடைத்தெருக்கள் கூரையோடு இருக்கின்றன என்று தெரிந்தது. போகிறவர்கள் தவறவிடக் கூடாது என்றுதான் வழியை விளக்கமாக எழுதுகிறேன்.

அங்கே இவற்றைப் 'பாசாஜ்' என்பார்கள், சிலதைக் 'கலரி' என்பார்கள். எங்கள் சொல்லில் ஒழுங்கை. பெரிய கட்டடங்களுக்கு நடுவால் ஒரு ஒழுங்கை, இரண்டு பக்கமும் கடை, மேலே கண்ணாடிக் கூரை. பழைய வீடுகளில் அடுப்படி இருட்டாக இருக்கும் என்று ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு வைப்போமே, அந்த ஒற்றை வெளிச்சத்தைத் தெரு முழுக்க நீட்டிப் பாருங்கள், அதுதான் பாசாஜ். 1790களின் கடைசியில் இருந்து ஒரு ஐம்பது வருடம் இவற்றை அடுத்தடுத்துக் கட்டினார்கள். அப்போது பாரிஸில் நடைபாதை அரிது, மழை பெய்தால் சேறு, குதிரை வண்டி பக்கத்தால் போனால் உடுப்பெல்லாம் அழுக்கு. சப்பாத்து நனையாமல் கடை பார்க்க ஒரு இடம் என்றதும் சனம் குவிந்தது. பிறகு, 1850களுக்குப் பின்னால், அகன்ற வீதிகளும் பெரிய பல்பொருள் கடைகளும் வந்தன, பாசாஜ்கள் படுத்துவிட்டன. நூற்றுக்கு மேல் இருந்ததில் இன்று மிஞ்சியது ஏறக்குறைய இருபது.

கிழமை நாளில் போங்கள், காலை பத்தரைக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பல கடை பூட்டு, சில பாசாஜ்களின் வாசல் கதவே பூட்டியிருக்கும். மழை நாள் என்றால் இன்னும் நல்லது. ரிக்கற் எதுவும் இல்லை, எல்லாம் சும்மா நுழையலாம். நடக்கத் தோதான சப்பாத்து போடுங்கள், மூன்று நான்கு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

லாச்சப்பலில் எங்கள் கடைகள் வரிசையாக இருக்கிற றோட்டின் பெயர் ரூ து ஃபோபூர் சென் டெனி. அதில் தெற்குப் பக்கம் திரும்பி நேரே நடவுங்கள். கதவிலக்கம் குறைந்துகொண்டே வரவேண்டும், கூடினால் திசை பிழை. கார் து நோர் ஸ்டேஷனைத் தாண்டி ஒரு இருபது நிமிடம் நடந்தால் இடது கைப்பக்கம் 46ஆம் இலக்கத்தில் பாசாஜ் பிராடி. 1828இல் கட்டியது. இப்போது உள்ளே இந்திய, பாகிஸ்தான் சாப்பாட்டுக் கடைகள். சாப்பிட அவசரப்படாதீர்கள், அண்ணாந்து கூரையைப் பாருங்கள். மறு வாசலால் வெளியே வந்தால் பூல்வார் என்கிற அகன்ற வீதி ஒன்று வரும், அதைப் போடும்போது இந்தப் பாசாஜை நடுவால் வெட்டிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் தெரிகிற, கூரை இல்லாத ஒழுங்கை இதன் மற்றப் பாதிதான்.

திரும்பி வந்து அதே றோட்டால் நடந்தால் 1672இல் கட்டிய பெரிய வளைவு, போர்த் சென் டெனி. அதைத் தாண்டியதும் பெயர் வெறும் ரூ சென் டெனி ஆகிவிடும். இங்கே பெரியவர்களுக்கு மட்டுமான கடைகளும் இடையிடையே உண்டு, பிள்ளைகளோடு போகிறவர்கள் அடுத்த தெருவால் போகலாம். வலது பக்கம் பாசாஜ் து கேர், அதாவது கெய்ரோ பாசாஜ். நெப்போலியன் எகிப்துக்குப் படையோடு போன 1798இல் வந்தது. பின்பக்கச் சதுக்கத்துக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள், எகிப்தியத் தெய்வம் ஹத்தோரின் முகங்கள் பசுக்காதோடு இருக்கும். உள்ளே உடுப்பு மொத்த வியாபாரம், கடைக்கு வைக்கும் பொம்மைகள். வடிவு என்று சொல்லமாட்டேன், அந்த முகங்களுக்காகவே போகலாம்.

இன்னும் கீழே 145ஆம் இலக்கத்தில் பாசாஜ் து கிரான் செர். கூரை ஏறக்குறைய 12 மீற்றர் உயரம், மேல்மாடிகளுக்கு இடையில் சின்ன இரும்புப் பாலங்கள். எனக்குக் கழுத்து நொந்தது இங்கேதான்.

அங்கிருந்து மேற்கே கால் மணித்தியாலம் நடந்தால் கலரி விவியன். எல்லாவற்றிலும் வடிவானது இதுதான், இங்கே கண்ணைக் கீழே விடுங்கள். தரை முழுக்க சின்னச் சின்னக் கல் பதித்த மொசைக், வட்டமும் அலையுமாக ஓடும். 1826இல் இருந்து ஒரு புத்தகக்கடை இங்கே இருக்கிறது. ஒட்டினாற்போலக் கலரி கொல்பேர், கடை இல்லை, பெரிய கண்ணாடிக் குவிமாடம் உண்டு.

ரூ விவியனால் வடக்கே ஏறினால் பாசாஜ் தே பனோரமா, 1799. முத்திரை சேர்க்கிறவர்களுக்கு இதுதான் இடம். சின்னச் சின்னக் கடைகள், யன்னல் முழுக்க முத்திரை. நான் ஒரு கடையில் "சிலோன்" என்று மட்டும் சொன்னேன். கடைக்கார ஐயா ஏணியில் ஏறி ஒரு அல்பத்தை இறக்கி, இடுக்கியால் மெல்லத் தூக்கி வைத்தார்: ஜோர்ஜ் மன்னரின் தலை, பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஆள், இரண்டு சதம். அப்பாவின் பழைய கடித உறைகளில் பார்த்த அதே முத்திரை. வாங்கிக்கொண்டு வந்தேன், இப்போது சாமியறையில் அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. நீங்களும் கேட்டுப் பாருங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பெரிய வீதியைக் கடந்தால் நேர் எதிரே பாசாஜ் ஜூஃப்ருவா, 1840களில் முழுக்க இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டி, குளிருக்குத் தரையைச் சூடாக்கி வைத்தது. உள்ளே மணிக்கூடு வைத்த ஒரு பழைய ஹோட்டல் தெரியும், அதோடு பாதை முடிந்துவிட்டது என்று திரும்பி விடாதீர்கள், அது ஒரு திருப்பம்தான், சில படி இறங்கினால் மிச்சம் வரும். முடிவில் இன்னொரு தெருவைத் தாண்டினால் பாசாஜ் வெர்தோ. பழைய புத்தகம், போஸ்ட் கார்ட், சனம் குறைவு.

அங்கிருந்து ல பெலெத்தியே மெற்றோ கிட்ட. 7ஆம் லைனில் லா கூர்நேவ் பக்கம் ஏறுங்கள், அங்கே சொந்தக்காரர் வீடு இருந்தால் மாறாமல் போய்ச் சேரலாம். இல்லையென்றால் கார் து லெஸ்தில் இறங்கி லாச்சப்பலுக்கு நடவுங்கள். மீனும் மரக்கறியும் அப்போது வாங்குங்கள், காலையில் வாங்கினால் அந்தப் பையோடு கலரி விவியனுக்குள் நிற்க வேண்டி வரும்.