கடைசி 90 நாள் தீவனம்: தேற்றி விற்கும் எருதின் கறியில் சத்து கூடுவதற்கு

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் கறிக்குப் போகிற மாடுகளில் பெரும்பாலானவை கறிக்கென்று வளர்க்கப்பட்டவை அல்ல. உழவு ஓய்ந்த எருது, வண்டி இழுத்துக் களைத்த காளை, வயதான எருமை ஆகியவைதான். பொய்கைச் சந்தையில் செவ்வாய்க்கிழமை கைமாறும்போது பலவற்றுக்கு விலா எண்ணுகிற அளவுக்கு உடம்பு வற்றியிருக்கும். அப்படி ஒரு மாட்டை வாங்கி மூன்று மாதம் தேற்றி விற்பவர்களுக்கு இந்த வழிமுறை உதவும். எடை மட்டும் கூடினால் போதும் என்றால் கண்டதையும் போட்டுக் கூட்டிவிடலாம். கறியின் சத்தும் கூட வேண்டும் என்றால் அந்த 90 நாளில் தொட்டிக்குள் என்ன விழுகிறது என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வாங்கும் முன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயது கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று பெற்றால்தான் வெட்ட முடியும். பசுவையும் கிடாரியையும் வெட்ட 1976 முதல் தடை இருக்கிறது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் எருதுக்கும் எருமைக்கும்தான்.

தீவனத்தால் எது மாறும், எது மாறாது

முதலில் மாறாததைச் சொல்லிவிடுகிறோம். கொழுப்பு நீக்கிய 100 கிராம் கறியில் 20 முதல் 22 கிராம் புரதம் இருக்கும். மாடு புல் தின்றாலும் தவிடு தின்றாலும் இது ஏறக்குறைய இதேதான். இரும்புச்சத்தும் துத்தநாகமும் தீவனத்தால் பெரிதாக அசைவதில்லை. வயதான மாட்டின் தசையில் சிவப்பு நிறமி அதிகம் என்பதால், கிழட்டு எருதின் கறியில் இளங்கன்றின் கறியைவிட இரும்பு கூடுதலாகவே இருக்கும். பி12 வைட்டமினைப் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் தயாரிக்கின்றன. அதற்குத் தீவனத்தில் சிறிதளவு கோபால்ட் வேண்டும், தாது உப்புக் கலவை போட்டால் அது கிடைத்துவிடும். கொலஸ்ட்ராலும் தீவனத்துக்கு ஏற்ப அதிகம் மாறாது. வயதான மாட்டுக் கறி கடினமாக இருப்பது தசையைப் பிணைக்கும் இழைகள் இறுகிவிட்டதால். அதைத் தீவனம் இளக்காது, மெல்லிய தீயில் நீண்ட நேரம் வேகவைப்பதுதான் வழி.

மாறுவது கொழுப்பின் தன்மையும், கொழுப்பில் கரையும் சத்துகளும். பச்சை இலையின் பசுமைக்குள்ளேயே ஒமேகா-3 வகைக் கொழுப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதியைப் பெருவயிற்று நுண்ணுயிர்கள் நிறைகொழுப்பாக மாற்றிவிடும். தப்பிக் குடலுக்குப் போகும் மிச்சம்தான் கறியில் சேரும். பசும்புல்லிலேயே வளர்ந்த மாட்டின் கறியில் ஒமேகா-6, ஒமேகா-3 விகிதம் 2க்கு 1 என்ற அளவில் நிற்கும். தானியத்தில் கொழுத்த மாட்டில் அது 7க்கு 1 அல்லது அதற்கும் மேலே போய்விடும். சி.எல்.ஏ. எனப்படும் கொழுப்பமிலமும் பச்சை தின்ற மாட்டில் இரண்டு மூன்று மடங்கு கூடுதல். வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் இரண்டும் பச்சையிலிருந்துதான் வருகின்றன. வெயிலில் காய்ந்த வைக்கோலில் இவை அநேகமாக இல்லை.

இதை வைத்து மாட்டுக்கறியை மீனோடு போட்டியிட வைக்க வேண்டாம். 100 கிராம் மத்தி மீனில் ஒமேகா-3 ஒரு கிராமுக்கு மேல் கிடைக்கும். பச்சை தின்ற மாட்டின் கொழுப்பு நீக்கிய கறியில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு கிராம்கூட வராது. ஆனாலும் அடிக்கடி மாட்டுக்கறி உண்ணும் வீட்டுக்கு அந்தக் கொழுப்பு எப்படிப்பட்டது என்பது பொருட்படுத்த வேண்டிய விஷயம்தான்.

கொழுப்பின் இந்த மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கலையவும் அவ்வளவு காலம் போதும். ஆண்டு முழுக்கப் புல் மேய்ந்த மாட்டைக் கடைசி இரண்டு மாதம் தானியத்திலும் தவிட்டிலும் கட்டி வைத்தால், சேர்ந்த ஒமேகா-3 கரைந்துவிடும். 90 நாள் என்று வைத்ததும், அதைக் கடைசி 90 நாளாக வைத்ததும் இதனால்தான்.

மாட்டைத் தேர்ந்தெடுப்பதும் முதல் வாரமும்

மெலிந்திருப்பது குறையில்லை, நோயால் மெலிந்திருந்தால் குறை. தாடைக்கடியில் நீர்கோத்துத் தொங்குகிறதா, கண்ணின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏரிக்கரையில் மேய்ந்த மாடுகளுக்கு நத்தை வழியாகக் கல்லீரல் புழு வருவது சகஜம். புழு இருக்கும் மாட்டுக்கு எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது, கல்லீரலும் விற்பனைக்கு ஆகாது. வாங்கிய முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் சாணத்தைக் காட்டி, எந்தப் புழுவோ அதற்கான மருந்தைக் கொடுத்துவிடுங்கள். மருந்தின் எச்சம் கறியில் தங்கும் காலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஐவர்மெக்டின் ஊசி போன்றவற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் முடித்துவிட்டால் 90 நாளுக்குள் எல்லாம் கழிந்துவிடும். கடைசி மாதத்தில் ஊசி போட நேர்ந்தால் மருந்துச் சீட்டில் உள்ள நாள் கணக்கு முடியும் வரை விற்காதீர்கள்.

பல்லையும் பாருங்கள். பல் தேய்ந்த மாடு நீளத் தட்டையை மெல்ல முடியாமல் துப்பிவிடும். அதற்கு எல்லாவற்றையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கித்தான் போட வேண்டும்.

எடை தெரியாமல் தீவனம் அளக்க முடியாது. தராசு இல்லையென்றால் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளம் ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 165, நீளம் 125 என்றால் எடை சுமார் 314 கிலோ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் தீவனம் போடும் முன் அளந்து எழுதி வையுங்கள்.

அன்றாடத் தீவனம்

ஒரு மாடு தன் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை உலர்பொருள் (தண்ணீரைக் கழித்த தீவன எடை) தின்னும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை மறந்து கணக்குப் போடுவதால்தான் பலர் மாட்டைப் பட்டினி போடுகிறார்கள். 300 கிலோ எருதுக்கு இப்படிப் போடலாம்:

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் (கோ-4 அல்லது கோ-5 ரகம்) 20 கிலோ
வேலிமசால் (பயறுவகைத் தீவனச் செடி) அல்லது அகத்தி 4 கிலோ
மல்லாட்டைக்கொடி (நிலக்கடலைக்கொடி) 1 கிலோ
கேழ்வரகுத் தாள் அல்லது வைக்கோல் 1 கிலோ
அடர்தீவனம் 1.5 கிலோ

மொத்தம் 8 கிலோ உலர்பொருள் வரும், அதில் 5 கிலோ பச்சையிலிருந்து. வைக்கோலைவிடக் கேழ்வரகுத் தாள் நன்றாகச் செரிக்கும். கிடைக்கிற இடத்தில் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாட்டுக்கு நல்ல பாசனத்தோடு 8 முதல் 10 சென்ட் ஒட்டுப்புல் போதும். நட்ட 75 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. எடை கூடட்டும் என்று 60, 70 நாள் விடுகிறார்கள். தண்டு தடித்து எடை கூடும், உண்மைதான். ஆனால் ஒமேகா-3யும் வைட்டமின் ஈயும் இருப்பது இலையில், தண்டில் அல்ல. அறுத்ததை வெயிலில் போட்டு வைத்தாலும் இவை சாகும். அன்றன்று அறுத்து, நிழலில் வைத்து, அன்றே போட்டு முடியுங்கள். இளம் நேப்பியரில் ஆக்சலேட் உண்டு, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தாது உப்பை ஒருநாளும் விடக் கூடாது.

தீவனச் சோளம் போடுபவர்கள் பூவெடுக்கும் முன் அறுக்காதீர்கள். தண்ணீரில்லாமல் வாடி மறுபடி துளிர்த்த இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறியிருக்கும், தின்ற சிறிது நேரத்தில் மாடு மூச்சுத் திணறி விழும். சூபாபுல் தழை பச்சையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

அடர்தீவனம் 100 கிலோ கலக்க: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 40, அரிசித் தவிடு 32, மல்லாட்டைப் புண்ணாக்கு 15, எள்ளுப் புண்ணாக்கு 10, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. நாளுக்கு 1.5 கிலோ என்பதைக் காலையிலும் மாலையிலும் பாதிப் பாதியாகப் பிரித்து, புல் கொஞ்சம் தின்ற பிறகு வையுங்கள். முதல் இரண்டு வாரம் அரை கிலோவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். தாது உப்பு இந்தக் கலவையிலிருந்து 30 கிராம் கிடைக்கும், கூடுதலாக 20 கிராம் தண்ணீரில் நனைத்த தவிட்டில் தூவினால் போதும்.

அடர்தீவனத்தை மூன்று நான்கு கிலோவாக்கினால் எடை வேகமாக ஏறும். ஆனால் தவிட்டெண்ணெயும் மல்லாட்டை எண்ணெயும் மக்காச்சோள எண்ணெயும் ஒமேகா-6 நிறைந்தவை, ஒமேகா-3 பெயரளவுக்குத்தான். போட்ட பச்சையின் பலனை நீங்களே அடித்துவிடுவீர்கள். மொத்தத் தீவனத்தில் எண்ணெய் 6, 7 சதவீதம் தாண்டினால் நார் செரிப்பதும் தடைபடும். ஆளிவிதை கொடுத்தால் ஒமேகா-3 கூடும், ஆனால் இங்கே அது விற்கும் விலைக்குக் கட்டாது. அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு சென்ட் வேலிமசால் போடலாம்.

புண்ணாக்கை நேரே தரையில் அடுக்காமல் பலகை மேல் வையுங்கள். மழைக்காலத்தில் பச்சை, சாம்பல் பூஞ்சை படிந்ததைக் கண்டால் தட்டிவிட்டுப் போடாதீர்கள், மொத்தமாகத் தூக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், மாடு தேறாது.

கோடையில் பச்சை இல்லாதபோது

பங்குனி, சித்திரையில் கிணறு வற்றினால் பச்சை பாதியாகிவிடும். அப்போது மரத்தழைதான் கை கொடுக்கும்: அகத்தி, கிளிரிசிடியா, சூபாபுல். வரப்பிலும் வேலியிலும் மழைக்காலத்திலேயே நட்டிருக்க வேண்டும். மார்கழி, தையில் மிஞ்சும் மக்காச்சோளத்தையோ ஒட்டுப்புல்லையோ காற்றுப் புகாமல் அமுக்கி ஊறுகாய்ப் புல்லாக்கி வைத்தால், காய்ந்த தீவனத்தைவிடப் பச்சையின் கொழுப்பு அதில் நன்றாகத் தங்கும்.

வைக்கோலைச் செறிவூட்டுவது கடைசி வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடுங்கள். போடும் முன் ஒரு மணி நேரம் உதறி ஆறவிட்டு நெடி போக வேண்டும். கரையாத யூரியா வாயில் பட்டால் மாடு சாகும். இதனால் புரதமும் செரிமானமும் கூடும், எடை நிற்கும். வைட்டமினோ ஒமேகா-3யோ வராது.

ஓட்டல் சோறும் மண்டபத்துச் சோறும்

வேலூரிலும் ஆம்பூரிலும் கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு மலிவாகக் கிடைக்கிறது, அதை வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். இது வேண்டவே வேண்டாம். வெந்த அரிசி பெருவயிற்றில் மளமளவென்று புளித்து அமிலமாகும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், சாணம் தண்ணீராகப் புளித்த வாடையோடு போகும், நடை தள்ளாடும். அந்த நிலையில் உடனே மருத்துவரைக் கூப்பிடாவிட்டால் மாடு தங்காது. தினம் கொஞ்சம் என்று கொடுத்தால் சாகாது, ஆனால் கல்லீரலில் சீழ்க்கட்டிகள் வரும். கறியிலும் கேடு உண்டு: வயிறு புளிக்கும்போது சி.எல்.ஏ. ஆக வேண்டிய இடைப்பொருள் குறைந்து, அதற்குப் பதில் நன்மையில்லாத டிரான்ஸ் கொழுப்பு கூடும். சோற்றோடு வரும் பிளாஸ்டிக் பை வயிற்றில் தங்கி, இரை கொள்ளும் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

பாலாற்றுப் பக்கம் தண்ணீர்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன விவகாரம். மாட்டுக்கு வைக்கும் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். 5,000 தாண்டினால் வயிறு கழியும், தீவனம் குறையும். 7,000க்கு மேல் வைக்கவே வேண்டாம். கழிவுக் கால்வாய்க் கரையில் புல் அறுக்காதீர்கள். குரோமியம் பெரும்பாலும் வேரில் தங்கினாலும், புல்லில் ஒட்டிய மண்ணோடு வயிற்றுக்குப் போகும். கன உலோகங்கள் தசையைவிடக் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும்தான் சேரும். இந்தப் பகுதியில் ஈரல் விற்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 30 முதல் 50 லிட்டர், அக்னி நட்சத்திரத்தில் அதற்கும் மேல் தண்ணீர் வேண்டும். வெயில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் தீவனம் போட்டால்தான் முழுதாகத் தின்னும்.

கடைசி நாளும் கறியைப் பார்ப்பதும்

நன்றாகத் தேறிய எருது நாளுக்கு அரை கிலோ ஏறும். கடைசி நாளில் அதை அடித்து, லாரியில் நெருக்கி ஏற்றினால் தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துவிடும். வெட்டிய பின் கறியில் போதிய புளிப்பு ஏறாமல் கருத்து, ஒட்டும் தன்மையோடு சீக்கிரம் கெடும். காலைக் குளிர்ச்சியில் ஏற்றுங்கள், போன இடத்தில் ஓய்வு கொடுங்கள். வெட்டுவதற்கு முன் 12 மணி நேரம் தீவனம் வேண்டாம், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

எருதின் கொழுப்பு மஞ்சளித்திருந்தால் பச்சை தின்றதன் அடையாளம். வயதானாலும் மஞ்சள் சேரும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம். எருமைக்கு இந்தச் சோதனை செல்லாது. எருமை கரோட்டினை அநேகமாக முழுதும் வைட்டமின் ஏ ஆக்கிவிடும், என்ன தின்றாலும் கொழுப்பு வெள்ளைதான். பச்சை தின்ற மாட்டின் கறி சிவப்பு நிறத்தைக் கூடுதல் நேரம் தாங்கும், அது வைட்டமின் ஈயின் வேலை. சிறுநீரகத்தைச் சுற்றிய கெட்டிக் கொழுப்பில் நிறைகொழுப்பே அதிகம், அதை எடுத்துவிடலாம். கறியோடு ஊடிய மெல்லிய கொழுப்பைச் சுரண்டி எறிந்தால், மூன்று மாதம் பச்சை போட்டுச் சேர்த்த சத்தும் கூடவே குப்பைக்குப் போகும்.