தென் அமெரிக்காவின் இயற்கை வரைபடம்: மலையிலிருந்து தொடங்கி வரைவது எப்படி?

மலை, ஆறு, காடு, பாலைவனம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்தால் சீக்கிரம் மறந்துவிடும். சரியான வரிசையில் வரைந்து பாருங்கள். ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே புரியும். கண்டத்தின் எல்லைக்கோடு மட்டும் உள்ள படமும், பழுப்பு, நீலம், பச்சை, மஞ்சள் வண்ணப் பென்சில்களும் போதும்.

படி 1: கோடுகள்

ஈக்வடாரிலிருந்து அமேசான் முகத்துவாரம் வரை பூமத்திய ரேகை. சாவோ பாவ்லோ அருகே மகர ரேகை. பியூனஸ் அயர்ஸை ஒட்டி, 35 டிகிரி தெற்கில் ஒரு புள்ளிக்கோடு. இந்தப் புள்ளிக்கோடு ஐந்தாவது படியில் தேவைப்படும்.

படி 2: பழைய நிலம்

வடக்கில் கயானா உயர்நிலம், கிழக்கில் பிரேசில் உயர்நிலம், இரண்டுக்கும் இளம்பழுப்பு. இவற்றின் அடிப்பாறைகளில் பெரும்பகுதி 100 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. கோண்டுவானா என்ற பெருநிலத்தில் தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்தன. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இடையில் அட்லாண்டிக் திறக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து எரிமலைப் பாறை பிரேசிலின் பரானா படுகையிலும் இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம் நமீபியாவிலும் இருக்கிறது.

படி 3: ஆண்டீஸ்

மேற்குக் கரையோரம் வெனிசுவேலா முதல் தென்முனை வரை அடர்பழுப்புப் பட்டை. நீளம் சுமார் 7,000 கிலோமீட்டர். பசிபிக் அடியிலுள்ள நாஸ்கா தட்டு (நகரும் பெரும் பாறைப் பலகை) கண்டத்துக்குக் கீழே நுழைவதால் எழுந்த மலை இது. 1960-இல் சிலியைத் தாக்கிய 9.5 அளவு நிலநடுக்கத்துக்கும் அதுவே காரணம். கருவிகளில் பதிவானதில் மிகப்பெரியது அதுதான். பொலிவியா பகுதியில் பட்டையை அகலமாக்குங்கள், அங்கே ஆல்டிப்ளானோ பீடபூமி வரும். அர்ஜென்டினாவில், சிலி எல்லையை ஒட்டி அக்கான்காகுவா சிகரம், 6,961 மீட்டர்.

படி 4: ஆறுகள்

அமேசானை முகத்துவாரத்திலிருந்து வரையாதீர்கள். பெருவின் மலைகளில், பசிபிக்கிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் பென்சிலை வைத்து, கிழக்கே அட்லாண்டிக் வரை இழுங்கள். அவ்வளவு பக்கத்தில் ஒரு கடல் இருந்தும் தண்ணீர் ஏன் எதிர்த்திசையில் போகிறது? நடுவில் ஆண்டீஸ் நிற்கிறது. அது உயரும் முன் இந்தப் படுகையின் நீர் பெருமளவு மேற்கு நோக்கித்தான் ஓடியது. அப்புறம் வடக்கே ஓரினோக்கோ, தெற்கே பரானா.

படி 5: காற்று

இதற்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். மகர ரேகைக்கு வடக்கே கிழக்கிலிருந்து அம்புகள் போடுங்கள். அட்லாண்டிக் ஈரம் மலையில் மோதிக் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிடும். ஆகவே அமேசான் படுகை முழுக்கப் பச்சை. மலைக்கு அந்தப் பக்கம் பெரு கடற்கரையும் வடக்கு சிலியின் அட்டகாமாவும் மஞ்சள். குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கரையோரக் காற்றைக் குளிர்வித்து மேலெழவிடாமல் செய்வதால், கடலை ஒட்டியே பாலைவனம்!

புள்ளிக்கோட்டுக்குத் தெற்கே அம்புகளை மேற்கிலிருந்து போடுங்கள். இப்போது எல்லாம் இடம் மாறும்: தெற்கு சிலியில் மழைக்காடு, கிழக்கே படகோனியா வறண்ட நிலம். அதே மலைதான், காற்றின் திசை மட்டும் வேறு. எனக்கு இந்தக் கண்டத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

வடகிழக்கு பிரேசிலின் காட்டிங்கா என்ற முட்புதர் நிலம் மட்டும் இந்தக் கணக்குக்கு வராது. கிழக்கே இருந்தும் வறண்டது. தனியாக மஞ்சள் தீட்டுங்கள்.

படி 6: சரிபார்ப்பு

அட்லஸுடன் ஒப்பிடுங்கள். வண்ணம் பொருந்தாத இடத்தில் அதை அழிக்குமுன் அம்பின் திசையைப் பாருங்கள்.