ஈய வேலை செய்பவர்கள் குழந்தைக்கு முயலும்போது: முருங்கைச் சாறு மூன்றாவதுதான்

ரங்கூனில் பழைய பேட்டரி பிரித்து ஈயம் உருக்கும் தம்பிகள் கல்யாணம் ஆன கையோடு என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஈயம் விந்தணுவைக் கெடுக்குமாமே, தினம் முருங்கைச் சாறு குடித்தால் சரியாகிவிடுமா?" முருங்கை நல்லதுதான், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது.

முதலில் ஈயம் உடம்புக்குள் போகும் வழியை அடைத்துவிடுங்கள். நகக்கண் வரை சோப்புப் போட்டுத் தேய்க்காமல் வெற்றிலை மடிக்காதீர்கள், விரலில் இருக்கும் சாம்பல் நிறத் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து நேரே வாய்க்குப் போகிறது. வேலை லுங்கியைக் கடையிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். துணி மாஸ்க் ஈயப் புகையைத் தடுக்காது. சுருட்டையும் விடுங்கள், புகையிலையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது, அதுவும் விந்தகத்தைக் கெடுக்கும்.

அடுத்து ரத்தத்தில் ஈய அளவைச் சோதியுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 40 மைக்ரோகிராமைத் தாண்டிய தொழிலாளர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அளவு கூடியிருந்தால் ஈயத்தை வெளியேற்ற டாக்டர் தரும் மருந்து தனி, அந்த வேலையை இலைச்சாற்றிடம் ஒப்படைக்காதீர்கள்.

அப்புறம்தான் முருங்கை, பர்மியர் சொல்லும் டண்டலுன். ஈயமோ காட்மியமோ கொடுத்த எலிகளுக்கு முருங்கை இலை, பூண்டு, இஞ்சி, மஞ்சள் இவற்றின் சாற்றைக் கொடுத்தபோது விந்தணுச் சேதம் குறைந்தது, உலோகத்தால் செல்லுக்குள் வரும் ஆக்சிஜனேற்றச் சேதத்தை அவை தணிக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் உலோகத்துக்கு முன்போ கூடவோ எலியின் எடைக்கு அளந்து கொடுத்தார்கள், அதை வைத்து மனிதருக்கு இத்தனை டம்ளர் என்று கணக்குப் போட முடியாது. அதனால் நான் சொல்வது சமையல் அளவுதான்: வாரம் மூன்று நான்கு நாள் பூண்டு தட்டிப் போட்டு ஒரு கீரைப் பொரியல். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், கீரை அந்த வகையிலும் துணை. எந்த மரத்துக் கீரை என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பேட்டரிக் கடையின் பின்சுவரை ஒட்டி முருங்கை நிற்கிறது, இலையைத் தடவினால் விரலில் கருஞ்சாம்பல் ஒட்டும், அதையும் பறித்துக்கொண்டு போகிறார்கள்! கடைப்பக்கத்து மரம் வேண்டவே வேண்டாம்.

வேப்பிலைச் சாறும் இப்போது வேண்டாம், விலங்குச் சோதனைகளில் அது ஆண் கருவளத்தைக் குறைத்திருக்கிறது. லேபிள் இல்லாத லேகியம், பஸ்பம் பக்கமே போகாதீர்கள். 2004-ல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றாவது இருந்தது. அமெரிக்காவின் இண்டியானாவில் குடியேறிய பர்மாக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியதற்கு, ஊரிலிருந்து வந்த செரிமான மருந்து ஒரு காரணம் என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள்.

விந்தணு உருவாகிவர இரண்டரை மாதம் ஆகும். அதனால் இதையெல்லாம் தொடங்கி மூன்று மாதம் கழித்து, விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு விந்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் அதுவரை காத்திருக்காமல் இரண்டு பேரும் சேர்ந்தே டாக்டரிடம் போய்விடுங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.