ஆப்பத்துக்கு எனக்கு என்ன கறி?

கிறிஸ்துமஸ் இராத்திரிக் குர்பானை (திருப்பலி) முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு ஆகியிருக்கும். கோயில் முற்றத்தில் மூட்டிய தீயின் புகையும் குந்திரிக்கமும் சேலையெல்லாம் மணக்கும். செருப்பை நடையில் உதறிவிட்டு எல்லாரும் நேரே அடுக்களைக்குத்தான் போவோம். அம்மை ஆப்பச்சட்டியில் மாவை விட்டுச் சுழற்றுவாள், மாமி கோழிக்கறிப் பானைப் பக்கத்தில் அகப்பையோடு நிற்பார். நான் தட்டை நீட்டியதும் வருடா வருடம் அதே வசனம்தான்: "துண்டு ஒண்ணும் போடல்ல மக்களே, சாறு மட்டும் விடுதேன்."

என் சங்கடம் முழுக்க அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. அதை விடுபவருக்கு அது அன்பு. எனக்கு அது கோழி.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். பதினைந்து வயதில் இறைச்சியை நிறுத்தினேன், கூடவே மீனையும். இப்போது 21. ஆறு கிறிஸ்துமஸ் கடந்தாயிற்று. முதலாவது அழுகையில் முடிந்தது, மூன்றாவது சண்டையில். அப்புறம்தான் ஒரு வழி பிடிபட்டது. பண்டிகைக்கு இறைச்சி வேகும் வீட்டில் நீங்கள் ஒருத்தர் மட்டும் அதைக் கூட்டாதவர், அதாவது சாப்பிடாதவர் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் சொல்லைச் சரிபண்ண வேண்டும். வடக்கே 'கறி' என்றாலே இறைச்சி. எங்கள் பக்கம் புளிக்கறியும் கறி, கடலைக்கறியும் கறி. நான் ஹாஸ்டல் தோழிகளின் பேச்சு ஒட்டிக்கொண்டு "எனக்குக் கறி வேண்டாம்" என்று சொன்ன அன்று, பாட்டி வெறும் ஆப்பத்தைத் தட்டில் வைத்து "அப்போ சீனி வேணுமா?" என்று கேட்டாள். ஆகவே 'இறைச்சி கூட்ட மாட்டேன்' என்று சொல்லுங்கள். மீனைத் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் எங்கள் ஊர்க் கணக்கில் மீன் இறைச்சி ஆகாது. கருவாட்டை அதற்கும் தனியாகச் சொல்லவேண்டும். அதையும் சொல்லி முடித்து நிம்மதியாக மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) சம்மந்தித் துவையலைத் தொட்டால், அதில் சென்னாக்கூனி என்ற காய்ந்த குட்டி இறாலை வறுத்து அரைத்திருப்பார்கள். அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் தோன்றவே இல்லை.

'சைவம்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் எடுப்பதில்லை. முதன்முதலில் "சைவமாயிட்டேன்" என்றபோது பெரியப்பா "எப்ப மதம் மாறின?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பாட்டா சிரிக்கவில்லை. இது, நாடார் பெண்கள் மேலாடை அணிவதை 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு ஒப்புக்கொண்ட மண். அதுவும் மேல்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. நம்மை, நம் அடுக்களையை, நம் தட்டை யாரோ அசுத்தம் என்று சொன்ன கதை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு ஒரு பிள்ளை 'இறைச்சி சுத்தமில்லை' என்கிற தொனியில் வாயைத் திறந்தால் அது பழைய புண்ணில் படும். 'சுத்தம்' என்ற சொல்லைத் தொடவே தொடாதீர்கள். 'பாவம்' என்ற சொல்லும் வேண்டாம். "பாவம், அதுவும் உயிர்தானே" என்று நீங்கள் சொன்ன அந்த நிமிடம் மேசையில் இருக்கிற பதினைந்து பேரும் கொலைகாரர்கள் ஆகிவிடுகிறார்கள். உங்கள் காரணம் அதுவாகவே இருக்கலாம், என் காரணமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் பந்தியில் நான் சொல்வது "எனக்குப் பிடிக்கல்ல மாமி" மட்டும்தான். பாவக்காய் பிடிக்காதவர்களோடு யாரும் தர்க்கம் பண்ணுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

அடுத்தது, யாரிடம் எப்போது சொல்வது. சமைப்பவரிடம், மூன்று வாரம் முன்னால். பந்தியில் உட்கார்ந்தபின் சொன்னால் எத்தனை பணிவாகச் சொன்னாலும் அது புகார்தான். நாங்கள் மலங்கரைக் கத்தோலிக்கர். டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸ் வரை இருபத்தைந்து நோம்பு, வீட்டில் இறைச்சி கிடையாது. நோம்பு காலத்தில் எல்லாருடைய வாயும் என் வாய் மாதிரிதான் இருக்கும், அடுக்களையில் பயறும் துவரனும் தீயலுமாக ஓடும். அந்த நாட்களில் ஒரு மாலை, அம்மை உள்ளி (வெங்காயம்) உரித்துக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு உள்ளி உரித்துக்கொண்டே சொல்வேன்: "இந்தத் தடவையும் எனக்கு இதே கடலைக்கறி போதும், நானே வைக்கிறேன்." உங்கள் வீட்டில் நோம்பு இல்லாவிட்டாலும், கையில் ஒரு வேலையோடு சொல்வது நல்லது.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருடம் பாட்டி "நேர்ச்சையா மக்களே?" என்று, சாமிக்கு ஏதும் வேண்டுதலா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அந்த வருடம் சொர்க்கம். யாரும் வற்புறுத்தவில்லை. சாறு விட வந்த மாமியின் கையைப் பாட்டியே பிடித்து நிறுத்தினாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு "நேர்ச்சைதான் முடிஞ்சாச்சே" என்று கோழித்தொடையை எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். வீட்டிலேயே பெரிய துண்டு. நான் உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, தொடையைத் தம்பி தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்றாவது வருடச் சண்டை என்று சொன்னேனே, அது அதன்பிறகு அம்மையோடு நடந்தது. சாமியை இழுத்துப் பொய் சொல்லாதீர்கள். நேர்ச்சைக்கு ஒரு முடிவு உண்டு, உங்களுக்கு இல்லை.

சரி, சமையலுக்கு வருவோம். உங்களுக்கு மட்டும் ஒரு கிண்ணம் என்று செய்யாதீர்கள். நோயாளிக்குக் கஞ்சி வைத்த மாதிரி ஆகிவிடும். எல்லாரும் கூட்டும் அளவுக்குச் செய்யுங்கள், மாட்டிறைச்சியோடு போட்டிபோடுகிற ஒன்றைச் செய்யுங்கள். நான் செய்வது சேனை. பாறசாலை அத்தை இறைச்சியை 'உலத்தியது' என்று வைப்பார். அதே முறை, அதே மசாலா.

பதினைந்து பேருக்கு ஒன்றரைக் கிலோ சேனை போதும். வெட்டும் முன் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சேனையில் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, அரிப்பு அதனால்தான். விரல்கணு அளவுத் துண்டுகளாக்கி, மஞ்சள், உப்பு, ஒரு சுளைப் புளி சேர்த்து வேகவைக்க வேண்டும். புளி போட்டால் தொண்டை அரிக்காது. கத்தி இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக்கூடாது. அந்த இடத்தில் இறக்கி நீரை வடித்துவிடுங்கள். குழைந்தால் மசியல்தான், மாட்டோடு போட்டி முடிந்தது.

உருளியில் தேங்காயெண்ணெய் தாராளமாக. முதலில் தேங்காய்க்கொத்து, அரை மூடி. பொன்னிறமானதும் இருபது சின்ன உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, ஒரு முழுப் பூண்டு, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. உள்ளி வாடியதும் தீயைக் குறைத்து மூன்று கரண்டி மல்லிப்பொடி, ஒரு கரண்டி மிளகாய்ப்பொடி, பெருஞ்சீரகம் பட்டை கிராம்பு ஏலம் வறுத்துப் பொடித்தது ஒரு கரண்டி. பொடியின் பச்சை மணம் போய் எண்ணெய் கசியும்போது சேனையைப் போடுங்கள். அப்புறம் அவசரம் கூடாது. சிறுதீயில் இருபது நிமிடமாவது, அடிக்கடி அல்ல, எப்போதாவது புரட்ட வேண்டும். கிளறிக்கொண்டே இருந்தால் ஓரம் மொறுமொறுப்பாகாது. நிறம் காப்பிக்கொட்டை மாதிரி கறுக்கும்போது இடித்த மிளகு இரண்டு கரண்டி தூவி இறக்குங்கள். அந்த மணத்துக்குத் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து பானையை எட்டிப் பார்த்து ஏமாந்தான்.

(கடையில் வாங்கும் சிக்கன் மசாலாப் பொடியையும் போடலாம். அட்டையில் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், அதில் சிக்கன் இல்லை, பெயர்தான். மாமி இன்னும் நம்பவில்லை.)

பந்தி அன்று ஒரே ஒரு தந்திரம்: ஆப்பம் சுடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நிற்பவள் தட்டை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் பாத்திரத்துக்குத் தனி அகப்பை போட்டு, மற்றதிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். அப்படியும் கோழிக்கறி அகப்பை உங்கள் சேனைக்குள் ஒருமுறை வந்துபோகும். என்ன செய்வது? நான் அந்தப் பக்கத்தை விட்டு மறுபக்கத்தில் எடுத்துக்கொள்வேன், எதுவும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அது ஒத்துவராது என்றால் உங்கள் பங்கை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நடுப்பந்தியில் அகப்பைக்காகச் சண்டைபோட்டு ஜெயித்த யாரையும் நான் பார்த்ததில்லை.

பெண்பிள்ளை என்றால் இன்னொரு கேள்வி வரும்: "கட்டிக் குடுக்குற வீட்டுல என்ன சொல்லுவாவ?" இதற்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். "இன்னொரு ஆப்பம் வைக்கட்டா?" என்று கேட்பேன். ஆனால் "உடம்புல இரத்தம் இருக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், நமக்காகவே. இறைச்சியை விட்ட புதிதில் நான் மரச்சீனியும் சம்மந்தியும் தின்றே நாளை ஓட்டினேன். மரச்சீனி கிட்டத்தட்ட மாவுச்சத்து மட்டும்தான். தலைசுற்றல் வந்தபின் அம்மை சொல்லி, ஒருநாள் கடலை, ஒருநாள் வன்பயறு, ஒருநாள் சிறுபயறு என்று ஆக்கிக்கொண்டேன். பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுக்கும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் கூடுதலாக எடுக்கும், சாப்பாட்டோடு கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) குடித்தால் குறைத்துவிடும். சாயாவை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பி12 செடிகொடியிலிருந்து கிடைக்காது. பால், தயிர், முட்டை வேண்டும். பாலும் விட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுப்பதுதான் வழி. கேக்கில் இருக்கும் முட்டை எனக்குப் பரவாயில்லை. உங்களுக்கு ஆகாதென்றால் பிளம் கேக்கை யார் வீட்டிலும் நம்பாதீர்கள்.

விருந்துக்குப் போகும் வீடுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மட்டிப்பழமும் முந்திரிக்கொத்தும் எந்த வீட்டிலும் இருக்கும், அதில் இரண்டு எடுத்தால் வீட்டுக்காரருக்கு மனம் நிறையும்.

ஓணத்துக்கு எனக்கு ஒரு கவலையும் இல்லை. எங்கள் மாவட்டத்திலும் அன்று உள்ளூர் விடுமுறை, பக்கத்து வீட்டு இலையில் அவியலும் எரிசேரியும் இஞ்சிக்கறியும் பாயசமும் மட்டும்தான். அந்தத் தைரியத்தில், கோழிக்கோட்டில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டு ஓணத்துக்குப் போனேன். அங்கே இலையில் முதலில் வந்து விழுந்தது கோழிப் பொரியல். மலபாரில் அது வழக்கமாம். கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

போன கிறிஸ்துமஸில் ஆப்பம் சுட்டு முடித்து, மாவுக்கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் சேனை உருளி காலி. அடியில் ஒட்டிய தேங்காய்க்கொத்தை மாமி அகப்பையால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அகப்பை நின்றுவிட்டது. "ஐயோ மக்களே, உனக்கு இல்லாமப் போச்சே" என்று அவர் பதறிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். கோழிச்சாற்றுப் பக்கம் கை போகவில்லை. கடைசியில் பாட்டி தேங்காய்ப்பாலையும் சீனியையும் எடுத்து வந்தாள்.

இந்த வருடம் ஒரு கிண்ணம் முதலிலேயே எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் மூடி வைப்பேன்.