ஏழு நிமிட வீடியோ, ஒரு கேள்வி, அப்புறம்தான் வகுப்பு

மதுரைக் கல்லூரி ஒன்றில் பி.காம். முதலாண்டுக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கணக்குப் போடும் தலைகீழ் வகுப்பறையை முதன்முதலில் முயன்றபோது, மத்திய அரசின் இலவச இணையப் பாடத் தளமான ஸ்வயத்திலிருந்து ஒரு நீளமான விரிவுரையின் இணைப்பை அனுப்பினேன். பார்த்தது நாலே பேர். பாவம் என்று முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தினேன். அடுத்த வாரம் அந்த நாலு பேரும் பார்க்கவில்லை. "எப்படியும் நீங்களே நடத்திருவீங்கல்ல மேடம்?"

இப்போது வீடியோவை நானே எடுக்கிறேன். மேசையில் நோட்டு, புத்தக அடுக்கின் விளிம்பில் செல்போன், ஃபேனை அணைத்துவிட்டு ஏழெட்டு நிமிடம். படம் சுமாராக இருந்தால் பரவாயில்லை, குரல் தெளிவாக வேண்டும். யூடியூபில் 'பட்டியலிடப்படாதது' (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம்) என்று ஏற்றி, இணைப்பைக் கூகுள் கிளாஸ்ரூமில் கேள்வியோடு போடுங்கள். ஸ்வயம் விரிவுரைதான் வேண்டுமென்றால், எந்த நிமிடத்திலிருந்து எதுவரை என்று எழுதிவிடுங்கள்.

கேள்விதான் உயிர். விடையைக் கேட்டால் வாட்ஸ்அப்பில் சுற்றும், காரணத்தைக் கேளுங்கள். மாட்டுத்தாவணியில் பூ ஏற்ற 5,00,000 ரூபாய்க்கு ஒரு மினி வேன், தேய்மானம் ஆண்டுக்கு 10 சதவீதம். குறைந்து செல் மதிப்பு முறையில், அதாவது ஒவ்வோர் ஆண்டும் மீதமிருக்கும் மதிப்பின் மேல் கணக்கிட்டால், இரண்டாம் ஆண்டுத் தேய்மானம் ஏன் 50,000 இல்லை, 45,000?

முந்தின நாள் இரவு போடாதீர்கள். மல்லி சீசனில் விடியுமுன் பூப்பறிக்கப் போகும் பிள்ளைகள் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார்கள். நான் இரண்டு நாள் முன்பே போடுகிறேன்; கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டு உசிலம்பட்டி பஸ்ஸில் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-இல் பாடங்களைப் பதிவுசெய்ய ஆரம்பித்ததும் வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகத்தான்.

காலையில் பதில்களைப் பத்து நிமிடம் புரட்டுங்கள். அதிகம் பேர் செய்த தப்பைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி, "இதில் எங்கே சறுக்கல்?" என்று ஆரம்பித்தால் போதும், சத்தம் தானாக வரும். மூன்றாம் ஆண்டுக்கு 40,500 என்று அவர்களே போய்ச் சேருவார்கள்.

பார்க்காமல் வந்தவர்கள் கடைசி பெஞ்சில் இயர்போனோடு முதல் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். மறுபடி நடத்தாதீர்கள். மனசு கேட்காதுதான்.

வீடியோவை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாம், கேள்வியை மட்டும் மாற்றிவிடுங்கள். சீனியர்களின் பதில் ஜூனியர்களுக்கு எப்படியோ போய்விடுகிறது. இந்த வருடம் என் வகுப்பில் மினி வேன் போய், ஜிகர்தண்டா கடை ஃப்ரீசர் வந்திருக்கிறது.