உறை திறக்கும்வரை எவருக்கும் தெரியக் கூடாது: சீரற்ற ஒப்பீட்டாய்வை அமைக்கும் முறை

குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் செல்லும் சாலையில் உள்ள ஒரு மருத்துவமனை, இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவோரிடம் செவிலியர் வாரந்தோறும் தொலைபேசியில் பேசினால் ஆறு மாதத்தில் அழுத்தம் குறையுமா என்று அறிய விரும்புவதாகக் கொள்வோம். நோயாளிகளை அழைப்புப் பெறும் அணி, பெறாத அணி என இரண்டாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். சொன்னால் கேட்பவர் என்று தோன்றுகிறவரையே செவிலியர் முதலில் அழைப்பார் என்பதால், அணியை அவரோ மருத்துவரோ தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

மேல் அழுத்தத்தில் 5 அலகு வேறுபாட்டைப் பொருட்படுத்தத் தக்கதாகவும் திட்ட விலக்கத்தை (ஆளுக்கு ஆள் அழுத்தம் சராசரியிலிருந்து விலகும் அளவை) 15 ஆகவும் கொண்டால், வழக்கமான 5 விழுக்காட்டுப் பிழை வரம்பிலும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் கொள்ளும் வாய்ப்பு) 80 விழுக்காட்டுத் திறனிலும் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) அணிக்கு 142 பேர் தேவை. 15 விழுக்காட்டினர் இடையில் விலகக்கூடும் என்பதால் அணிக்கு 168 பேரைச் சேருங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்று, முதல் நபரைச் சேர்க்கும் முன்பே ஆய்வை மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் பதியுங்கள்.

இந்தப் பகுதியில் தமிழில் கையெழுத்திடும் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கு. எனவே ஒப்புதல் படிவம் இரு மொழியிலும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன் அதை முழுதும் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டுப் பெற வேண்டும். வீட்டு மொழியைக் கொண்டு இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் சீட்டுகளை, இரு அணிக்கும் சம எண்ணிக்கை அமையும் சிறு தொகுதிகளாக்கி, நான்கு, ஆறு எனத் தொகுதி அளவை முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி மாற்றிச் சீட்டு வரிசையைக் கணினியில் உருவாக்குங்கள். தொகுதி ஒரே அளவாக இருந்தால் கடைசிச் சீட்டை எவரும் ஊகித்துவிடுவர்.

வரிசையை உருவாக்குவதைவிட மறைப்பதே கடினம். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வில் 107 நோயாளிகளுக்கான ஒதுக்கீட்டையும் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் மூடிய உறைகளில் வைத்தது இதற்காகத்தான். சாதாரண வெள்ளை உறையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலே உள்ளே இருக்கும் எழுத்து தெரிந்துவிடும்; ஆகவே தடித்த பழுப்பு உறையில், சீட்டை அலுமினியத் தாளில் மடித்து வையுங்கள். உறைக்கு வரிசை எண் இட்டு, நோயாளியின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை அதன்மேல் எழுதிய பின்னரே திறக்க வேண்டும். வரிசையை உருவாக்கியவர் நோயாளிகளைச் சேர்ப்பவராக இருக்கவே கூடாது. உறை முறையில் ஏய்ப்பது எளிது என்பதால், முடிந்தால் தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டு ஒதுக்கீடு பெறுவதையே நான் பரிந்துரைப்பேன்.

தனக்கு அழைப்பு வருவது நோயாளிக்குத் தெரியும். அதை மறைக்க வழியில்லை. ஆனால் ஆறாம் மாதம் அழுத்தம் அளப்பவருக்கு அணி தெரியாமல் காக்க முடியும், காத்தே ஆக வேண்டும்.

தறி வேலையை விட்டுப் பெங்களூருக்குச் சென்று தொலைபேசியை எடுக்காமலே இருந்தவரையும் தேடிப்பிடித்து அளந்து, உறை அவரை எந்த அணியில் வைத்ததோ அந்த அணியின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.